‘ம்’ எழுதிய ஸ்கில்

ஆபீஸில் அவனுக்கு ‘ம்’ என்று பெயர். காதுபடவே அப்படித்தான் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் எழுதும் கம்ப்யூட்டர் கோடைப் படித்துப் பார்த்து, அது சர்வருக்குப் போகலாமா கூடாதா என்று சொல்வது அவன் வேலை. சரியாக இருந்தால் கீழே ‘ம்’ என்று எழுதுவான். சரியில்லை என்றால் ‘ம்ஹூம்’. ஏன் சரியில்லை என்பதை எழுதியவர்களே தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். திருத்திக்கொண்டு வந்தால் ஒரு ‘ம்’ கிடைக்கும். அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

கம்பெனி ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஒரே ஹால். பல் ஆஸ்பத்திரிகளுக்கு அப்பாயின்ட்மென்ட் சாஃப்ட்வேர் செய்தார்கள். நோயாளி பார்க்கும் கலர் பொத்தானையெல்லாம் வேறு யாரோ செய்துவிடுவார்கள். பொத்தானை அழுத்திய பிறகு யாருக்கு எந்த நேரம், யாருக்கு என்ன செய்தி போக வேண்டும், தகராறு வந்தால் யார் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் பின்கட்டு வேலை இவர்களுடையது. பேக்எண்ட் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் டீம் தலைவர் மார்க்கர் பேனாவோடு எழுந்து நின்றார். அவர் கையில் மார்க்கரைப் பார்த்தாலே எல்லாரும் அவசரமாக டைப் அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். இனிமேல் ஆளுக்கு ஒரு ஸ்கில் எழுத வேண்டும் என்றார்.

விஷயம் இதுதான். கோட் எழுதித் தரும் ஏஐ அசிஸ்டென்ட் ஒன்று எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் இருந்தது. கெட்டிக்காரத்தனத்துக்குக் குறைவில்லை. ஆனால் தினமும் காலையில் அதற்கு எல்லாம் மறந்துவிடும். நேற்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொடுத்ததை இன்று மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதற்கு மருந்துதான் ஸ்கில். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று ஒரு தடவை விவரமாக எழுதி ஒரு ஃபோல்டரில் போட்டுவிட வேண்டும். அதன் நெற்றியில், இதை எப்போது திறக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு. வேலை வரும்போது அசிஸ்டென்ட் எல்லா நெற்றிகளையும் பார்க்கும். இது நமக்குத்தான் என்று தோன்றினால் ஃபோல்டரைத் திறந்து உள்ளே இருக்கிறபடி நடக்கும். ஒருவர் எழுதினால் டீம் முழுக்கப் பிழைத்துக்கொள்ளலாம்.

டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவருக்குப் ‘பூட்டு’ என்று பெயர். டீமில் வயதில் மூத்தவர். எதைக் கேட்டாலும் பூட்டிவைத்திருக்கிறேன் என்பார். அவர் எழுதிய ஸ்கில் மிரட்டல் கடிதம் போல இருந்தது. ‘டேபிளில் கை வைக்கும் முன் பேக்கப் எடு. எடுத்தாயா? பொய் சொல்லாதே. மறுபடி எடு.’ அசிஸ்டென்ட் அன்று முழுக்க வேறு வேலை பார்க்காமல் பேக்கப் எடுத்துக்கொண்டே இருந்தது. டெஸ்டிங் செய்யும் பெண்ணுக்கு ‘நோண்டி’ என்று பெயர். அவளே வைத்துக்கொண்டது. அவள் ஸ்கில்லின் முதல் வரி, ‘நல்ல மனுஷன் எவனும் செய்யாததைச் செய்து பார்.’

அவனிடம் ரிவ்யூ ஸ்கில்லை, அதாவது கோடைச் சரிபார்க்கும் ஸ்கில்லை, எழுதக் கொடுத்தார் தலைவர். ஒரு பக்கமாவது இருக்கட்டும், ‘ம்’ என்று எழுதிக் கொடுத்தால் நான் வேலையை விட்டுவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

அவன் எழுதவில்லை. அசிஸ்டென்ட்டைத் திறந்து, இந்தக் கம்பெனிக்கு வந்த நாளிலிருந்து நான் எழுதிய ரிவ்யூ குறிப்புகள் எல்லாவற்றையும் படி, நான் சொல்வது போலவே சொல்ல ஒரு ஸ்கில் தயார் செய் என்று உத்தரவு போட்டான். நெற்றிக் குறிப்பை மட்டும் தன் கையால் எழுதினான், ஒரே வரியில். ‘தவறு பற்றி யாருக்காவது சொல்ல வேண்டியபோதெல்லாம் திற.’ உள்ளே என்ன வந்திருக்கிறது என்று பார்க்காமலே ஃபோல்டரை மூடிவிட்டுச் சாப்பிடப் போனான். வந்தது போனது எதையும் திறந்து பார்க்காமல் இருப்பது கொஞ்ச நாளாக அவனுக்குக் கைவந்த வேலை.

புதன்கிழமை நோண்டி சிரிக்கும் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. பூட்டு எட்டிப் பார்த்தார், அவரும் சிரித்தார். அந்த ஹாலில் ரிவ்யூ பார்த்து யாரும் சிரித்து நாளாகியிருந்தது. அழுதது உண்டு.

“‘ம்’ சார், உங்க ஸ்கில் அமர்க்களமா இருக்கு,” என்றாள் நோண்டி. “நீங்கதான் அப்படி இல்ல.”

அவன் எழுந்து போய்ப் பார்த்தான். யாரோ எழுதிய ஒரு ஃபங்ஷன், ஒரே வேலையைச் செய்ய வேண்டிய கோட் துண்டு. பணம் வாங்கும், ரசீது போடும், மெயில் அனுப்பும், நடுவில் பழைய கணக்கையும் துடைக்கும். அதன் கீழே அசிஸ்டென்ட் எழுதியிருந்தது: ‘இது விசேஷ வீட்டுச் சித்தப்பா. வாசலில் வரவேற்பதும் இவரே, பந்தியில் பரிமாறுவதும் இவரே, கடைசியில் மயங்கி விழுவதும் இவரே. வேலையை நாலு பேருக்குப் பிரித்துக்கொடுங்கள்.’

இன்னொரு இடத்தில், வந்த பிழையை யாருக்கும் சொல்லாமல் விழுங்கிவிடும் ஒரு கோட். கீழே: ‘மைதானத்தில் அடிபட்டுவிட்டு வீட்டில் தெரியாமலிருக்க முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வரும் தம்பி. சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள்.’

அவன் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை மூடினான். ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

அவை எப்போதோ அவன் எழுதியவை. அவன் சொன்னவை அல்ல.

அவன் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தாள். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டுக் காலை மடக்கி உட்கார்ந்து ஸ்கிரீனைப் பார்ப்பாள். கோட் ஒரு எழுத்துகூடத் தெரியாது. இந்த ஆள் என்ன தப்பு பண்ணினான் என்று கேட்பாள். சொல்வான். உடனே அந்தத் தப்புக்குத் தன் குடும்பத்திலிருந்து ஒரு ஆளைப் பிடித்துவிடுவாள். சித்தப்பா, தம்பி, போன வருஷம் நடந்ததை நேற்று நடந்ததாகச் சொல்லும் அத்தை. அவள் குடும்பம் பெரியது, தப்புகளுக்குப் பஞ்சம் வரவில்லை. சொன்னது அவள், டைப் அடித்தது அவன், பேர் வாங்கியதும் அவன்.

காய்ச்சல் என்று படுத்தவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் ‘ம்’. டீமில் பாதிப் பேர் அதற்குப் பிறகு வந்தவர்கள். அவர்களுக்கு அவன் பிறவியிலேயே ‘ம்’தான்.

அன்று மாலை அவன் ஒரு காரியம் செய்தான். யாருக்கும் போகாத தனி இடத்தில் ஒரு மட்டமான கோட் எழுதினான். வெளியே கேட்ட பதில் வரவில்லை என்றால் வரும்வரை கேட்டுக்கொண்டே இரு, நிறுத்தாதே என்று. எழுதி, ரிவ்யூவுக்குக் கொடுத்தான். அசிஸ்டென்ட் எழுதியது: ‘மூன்று தடவை கதவைத் தட்டித் திறக்கவில்லை என்றால் வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். போய்விடுங்கள். அக்கம்பக்கத்துக்காரர்கள் தூங்க வேண்டாமா?’

அவன் அதை இரண்டு தடவை படித்தான். பிறகு இன்னும் மட்டமாக ஒன்று எழுதினான்.

அடுத்த சில நாட்களில் அது பழக்கமாகிவிட்டது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு கேவலமான கோட் எழுதுவான், திட்டு வாங்குவான், அழித்துவிடுவான். ஊரிலேயே கறாரான ரிவ்யூக்காரன் இப்படி எழுதுவதை நோண்டி பார்த்துவிட்டாள். மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பூட்டிடம் சொன்னாள். வேலையை விட்டுத் துரத்தச் சொல்லிக் கேட்கிறானோ என்னவோ என்றார் பூட்டு. தலைவர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, லீவு வேண்டுமா என்று கேட்டார். அவன் ‘ம்ஹூம்’ என்றான்.

வீட்டில் அவனும் மாமனாரும் மட்டும். மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் போன பிறகு மாப்பிள்ளைக்கு ஒத்தாசையாக ஒரு வாரம் இருக்கிறேன் என்று வந்தார், திரும்பிப் போகவில்லை. மாப்பிள்ளையைத் தான் பார்த்துக்கொள்வதாக அவர் நினைத்தார். மாமாவைத் தான் பார்த்துக்கொள்வதாக அவன் நினைத்தான். இரண்டு பேரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மாமனாருக்குச் சாப்பிடப் பல்லும் இல்லை. பல்செட் கட்ட அவனே தங்கள் சாஃப்ட்வேர் ஓடும் ஆஸ்பத்திரி ஒன்றில் பதிவு செய்து கொடுத்திருந்தான்.

ஒரு நாள் அவன் வீட்டுக்கு வந்தபோது வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. மாமனார் நாற்காலியைக் கதவுக்கு நேரே போட்டு, சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அப்படித்தான் இருக்கிறாராம். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போய்விட்டதாகச் செய்தி வந்திருக்கிறதாம். குளித்துக்கொண்டிருந்தபோது வந்திருப்பார்கள் போல, மறுபடி வந்தால் விடக்கூடாது என்று உட்கார்ந்திருக்கிறாராம்.

போனை வாங்கிப் பார்த்தான். ‘மூன்று தடவை கதவைத் தட்டிவிட்டோம். திறக்கவில்லை. வீட்டில் ஆள் இல்லை என்று எடுத்துக்கொண்டு போகிறோம்.’

அப்பாயின்ட்மென்ட்டை உறுதி செய்யச் சொல்லி சர்வர் மூன்று தடவை நோயாளியிடம் கேட்கும். பதில் இல்லை என்றால் அந்த நேரத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். அப்போது நோயாளிக்குப் போகும் செய்தி இது. சென்ற வாரம் அந்தச் செய்திகளையெல்லாம் புதிதாக எழுதச் சொல்லி யாரோ அசிஸ்டென்ட்டிடம் கேட்டிருக்கிறார்கள். நோயாளிக்குச் சொல்வதும் தவறு பற்றி யாருக்காவது சொல்வதுதானே. அது ஃபோல்டரின் நெற்றியைப் பார்த்திருக்கிறது, திறந்திருக்கிறது. அவன் எழுதிய வரி. ஆறு வார்த்தைக்கு மேல் எழுதச் சோம்பல்பட்டவன் எழுதிய வரி.

உடனே ஆபீஸுக்குப் போன் போட வேண்டும். போனை எடுத்தான்.

“மாப்பிள்ளை,” என்றார் மாமனார். “தப்பா நெனைக்காதீங்க. இது நம்ம பொண்ணு பேசற மாதிரியே இல்ல?”

அவன் நம்பரை அழுத்தாமல் நிமிர்ந்தான்.

“சின்னப் புள்ளையில பாத்ரூமுக்குள்ள போனா வரமாட்டா. நான் போய்த் தட்டுவேன். உள்ள இருந்து சொல்லுவா, மூணு தடவ தட்டியாச்சு, ஆள் இல்லன்னு நெனச்சுப் போயிருங்கப்பான்னு.”

அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். மறுநாளும் நாளைக்கு என்றுதான் நினைத்தான்.

அந்த வாரக் கடைசியில் பல் ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் போன் செய்தார். தலைவர் அதை ஸ்பீக்கரில் போட்டது தப்பாகிவிட்டது.

ஒரே நேரத்தை இரண்டு பேர் கேட்டால் முந்தியவருக்குத்தான் கிடைக்கும். பிந்தியவருக்குப் போன செய்தி: ‘வீட்டுக்கு ஒரே பிரஷ் என்றால் இப்படித்தான். உங்களுக்கு முன்னால் வேறொருவர் எடுத்துவிட்டார்.’ இது பல் ஆஸ்பத்திரியிலிருந்து போயிருக்கிறது. இங்கே எல்லார் வாயிலும் ஒரே பிரஷ்ஷைப் போடுகிறீர்களா என்று நோயாளிகள் வரவேற்பறையில் கேட்கிறார்களாம். ஒருவர் சொந்த பிரஷ்ஷோடு வந்து உட்கார்ந்திருக்கிறாராம். பிறந்த தேதியைத் தப்பாகப் போட்ட ஒரு அம்மாவுக்கு, ‘நீங்கள் இன்னும் பிறக்கவில்லை. பிறந்து, பல் முளைத்ததும் வாருங்கள்’ என்று போயிருக்கிறது. அவர் ஒரு வக்கீலின் அம்மா.

டாக்டர் போனை வைத்ததும் பூட்டு தலையைக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க ஏதோ செய்துகொண்டிருந்தார். துக்கமாக இருக்க வாய்ப்பில்லை.

நோண்டி இன்னொரு விஷயத்தைக் கொண்டுவந்தாள். பிழைகளின் பதிவைப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே நோயாளியிடமிருந்து வருகிறது. எடுத்த நேரத்தையே இன்னொரு போனிலிருந்து எடுக்கிறார். முப்பத்திரண்டாம் தேதிக்கு வரட்டுமா என்கிறார். பிறந்த வருஷத்தை அடுத்த வருஷம் என்று போடுகிறார். ரத்து செய்ததை மறுபடி ரத்து செய்கிறார்.

“யாருன்னு தெரியல சார். என்னைவிட நல்லா டெஸ்ட் பண்றாரு,” என்றாள் நோண்டி. அவள் குரலில் பொறாமை இருந்தது. நம்பரின் கடைசி நாலு இலக்கத்தை வாசித்தாள்.

அது மாமனாரின் நம்பர்.

லிஃப்டில் மேலே போகும் பொத்தானையும் கீழே போகும் பொத்தானையும் ஒன்றாக அழுத்தினால் என்ன ஆகும் என்று பார்ப்பதே அந்த மனுஷரின் வாழ்நாள் தொழில். அந்த இன்னொரு போன் எதிர் ஃப்ளாட் தையற்காரம்மாவுடையதாகத்தான் இருக்கும். பல் கட்டப் போனவர் இன்னும் பொக்கை வாயோடு ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிடுவது ஏன் என்று அவனுக்கு இப்போது புரிந்தது. அவரும் தப்பு தப்பாகச் செய்து திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

நோயாளிகளுக்குப் போகும் செய்திகளை அப்போதே நிறுத்தச் சொன்னார் தலைவர். நாளை மதியத்துக்குள் மரியாதையான வாசகங்கள் போக வேண்டும். ரிவ்யூ ஸ்கில்லில் இருக்கும் கிண்டல், சித்தப்பா, அத்தை, பிரஷ் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வெறும் விதிகளை மட்டும் வைக்க வேண்டும்.

பூட்டு இரக்கப்பட்டு, அழித்தாலும் பழைய பதிவில் பத்திரமாக இருக்கும் என்றார். இருக்கும்தான். அவனுக்குத் தெரியாததா. பழைய பதிவில் எல்லாம்தான் இருக்கிறது. ஆனால் அங்கே கிடப்பது கிடக்கும், பேசாது. அசிஸ்டென்ட் அதைத் திறந்து பார்த்து, புதிதாக ஒருவன் செய்யும் புதுத் தப்பைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாது.

“வேண்டாம்,” என்றான் அவன்.

எல்லாரும் திரும்பினார்கள். ‘ம்ஹூம்’ இல்லாமல் அவனிடமிருந்து வார்த்தை வந்ததே செய்திதான்.

“தப்பு ஜோக்குல இல்ல. மேல இருக்கிற வரியில. அத எழுதினது நான். எப்போ பேசணும்னு எழுதினேன், எப்போ வாயை மூடணும்னு எழுதல. அத ஒழுங்கா எழுதித் தரேன். ஒரு ராத்திரி டைம் குடுங்க.”

“இவன் இவ்வளவு பேசி நான் கேட்டு ஒரு வருஷமாச்சு,” என்றார் பூட்டு. “குடுங்க தலைவரே. மறுபடி ஊமையாயிடப் போறான்.”

தலைவர் மார்க்கரை மூடித் திறந்து யோசித்தார். ஒரு பக்கம் முழுசாக எழுத வேண்டும். நோண்டி சோதிப்பாள். நோயாளிக்கான செய்தியில் ஒரே ஒரு சித்தப்பா தலை காட்டினாலும் மொத்த ஃபோல்டரும் குப்பைக்குப் போகும். சம்மதமா?

“ம்,” என்றான் அவன்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தான். ஒரு பக்கம் எழுதுவது என்பது அவன் மறந்துபோன வித்தை. முதல் வரியை நாலு தடவை அழித்தான். மாமனார் எதிரே உட்கார்ந்து, ஒன்றுமே தெரியாதவர் போல ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தார்.

“மாமா, முப்பத்திரண்டாம் தேதின்னு ஒண்ணு இருக்கா?”

அவர் ரொட்டியைக் கீழே வைத்தார்.

“உங்க ஆபீஸ்ல சொல்லிட்டாங்களா?”

“உங்களுக்கு அங்க வேலை குடுக்கலாம்னு பேசிக்கிறாங்க.”

பிறகு அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொன்னதை, தான் தட்டச்சு செய்ததை, பேர் வாங்கியதை. மதிய நேரத்தில் தான் எழுதும் மட்டமான கோடுகளையும் சொன்னான். அதைக் கேட்டதும் மாமனாருக்கு உயிர் வந்துவிட்டது. தான் மட்டும் பைத்தியம் இல்லை என்று தெரிந்தால் யாருக்கும் தெம்பு வரும். தன் போனை நீட்டி, சேர்த்துவைத்த செய்திகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். பதிலுக்கு அவன் காட்டிய ரிவ்யூக்களைப் பார்த்து, இந்தச் சித்தப்பா யார் தெரியுமா, என் தம்பிதான், நிஜமாகவே மயங்கி விழுந்தான் என்றார். முழுக்கைச் சட்டைக்காரன் மட்டும் யார் என்று தெரியாமல் இருந்தது. அது உங்கள் மகனே என்று அவன் சொன்னதும், அடப்பாவி என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

“ஒண்ணு மட்டும் மனசுக்கு ஒப்பல மாப்பிள்ளை,” என்று கடைசிச் செய்தியைக் காட்டினார். ரத்து செய்த அப்பாயின்ட்மென்ட்டை மறுபடி ரத்து செய்தபோது வந்தது. ‘ஏதோ தவறு நேர்ந்தது. பிறகு முயலவும்.’

“இது அவ இல்ல,” என்றார்.

இல்லைதான். அந்தத் தப்பை அவள் இருந்தவரை யாரும் செய்யவில்லை. அதற்கு அவளிடம் ஆள் இல்லை. அவன் அசிஸ்டென்ட்டிடம் கேட்டுப் பார்த்தான், ஸ்கில்லில் இருக்கும் பாணியிலேயே இதற்கும் ஒன்று சொல் என்று. அது சொன்னது: ‘ரத்து செய்ததை மீண்டும் ரத்து செய்வது, காலியான கோப்பையை மீண்டும் ஒருமுறை பருக முனைவதற்கு ஒப்பாகும்.’

மாமனார் முகத்தைச் சுளித்தார். “யாரு இந்த ஆளு? பட்டமளிப்பு விழாவுக்கு வந்திருக்காரா?”

“ம்ஹூம்,” என்றான் அவனும்.

இரண்டு பேரும் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் எதிர்ப்பக்கம் இருந்து பார்க்கக் கழுத்து வலிக்கிறது என்று எழுந்து, நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“இந்த ஆள் என்ன தப்பு பண்ணான்? அதச் சொல்லுங்க மொதல்ல,” என்றார்.

“நீங்கதான் பண்ணீங்க மாமா. ஒரு தடவ வரலன்னு சொல்லியாச்சு. மறுபடியும் வரலன்னு சொல்றீங்க. ஏற்கெனவே போனவர் எப்படி மறுபடி போவாருன்னு சர்வர் முழிக்குது.”

சொல்லும்போதே அவனுக்கு ஆள் கிடைத்துவிட்டது. அவளுடைய பெரியம்மா. ஒவ்வொரு தடவை வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போதும் கூடத்தில் ஒரு தடவை போயிட்டு வரேன், வாசலில் ஒரு தடவை, செருப்பு மாட்டிக்கொண்டு ஒரு தடவை, மாடிப்படியில் பாதியில் நின்று ஒரு தடவை. அவன் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கால் மாற்றிக் கால் மாற்றி வைப்பாள். அவன் உள்ளே இருந்து அந்தக் காலையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான்.

அவன் டைப் அடித்தான். ‘பெரியம்மா, நீங்கள் போயிட்டு வரேன் என்று சொல்லியாச்சு. செருப்பும் போட்டாச்சு. தெருமுனைக்கும் போயாச்சு. அங்கிருந்து மறுபடி போன் பண்ணிப் போயிட்டு வரேன் என்று சொல்ல வேண்டாம்.’

மாமனார் எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் பல்லில்லாத வாயைத் திறந்து சத்தமில்லாமல் சிரித்தார். பெரியம்மா அவருக்கு மைத்துனி. அவளால் தான் இழந்த மாலை நேரங்களையெல்லாம் எண்ணிப் பார்ப்பவர் போலச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சேத்துக்குங்க,” என்றார்.

சேர்த்தான். அதற்குப் பிறகு அந்த ஒரு பக்கம் தானாக வந்தது. ‘கூட வேலை செய்பவரின் கோடில் தவறைச் சொல்லும்போது மட்டும் இதைத் திற. நோயாளிக்கு எழுதும்போது திறக்காதே. டாக்டருக்கு எழுதும்போது திறக்காதே. வக்கீலின் அம்மாவுக்கு எழுதும்போது நிச்சயமாகத் திறக்காதே. கோடைக் கிண்டல் செய், ஆளைச் செய்யாதே. கிண்டலுக்குப் பின்னால் என்ன திருத்த வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல், வெறும் ‘ம்ஹூம்’ போதாது. தப்புக்குப் பொருத்தமான சொந்தக்காரர் இதில் இல்லை என்றால் சும்மா இரு. நீயாக உறவு கொண்டாடாதே.’

மறுநாள் நோண்டி காலையிலிருந்து அதை நோண்டினாள். நோயாளி போலக் கேட்டாள், டாக்டர் போலக் கேட்டாள், நோயாளியாக இருக்கும் டாக்டர் போலக் கேட்டாள். செய்திகள் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி வந்தன. ஒரு சித்தப்பாகூடத் தலை காட்டவில்லை. கடைசியில் பூட்டின் கோடை ரிவ்யூவுக்குக் கொடுத்தாள். ரத்து செய்ததை மறுபடி ரத்து செய்யவிட்டது அவருடைய கோட்தான். பெரியம்மா செருப்போடு வந்து நின்றாள். ஹால் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை, ஆனால் மார்க்கரை வைத்துவிட்டார். ஸ்கில் பிழைத்தது.

பூட்டு அந்தக் குறிப்பை மறுபடி படித்துவிட்டு அவன் இடத்துக்கு வந்தார்.

“இது பழசுல இல்லையே. எனக்கு உன் பழசெல்லாம் ஞாபகம் இருக்கு. புதுசா யாரு எழுதினா, நீயா அசிஸ்டென்ட்டா?”

அவன் ‘ம்’ என்று சொல்லப் போனான். அது இந்தக் கேள்விக்குப் பதிலாகாது என்று தெரிந்தது.

“பழசெல்லாம் என் வீட்டுக்காரி சொன்னதுண்ணே. நான் டைப் மட்டும்தான். இது ஒண்ணு நான்.”

பூட்டு அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். பெரியம்மா உங்கள் பக்கமா அவர்கள் பக்கமா என்று கேட்டார். அவர்கள் பக்கம் என்றான். அதானே பார்த்தேன், உங்கள் பக்கம் என்றால் ஒரு தடவைகூடச் சொல்லாமல் போயிருப்பார்கள் என்று சொல்லிவிட்டுத் தன் கோடைத் திருத்தப் போனார்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது போன் அதிர்ந்தது. புதிய செய்திகள் நோயாளிகளுக்குப் போக ஆரம்பித்திருந்தன. மாமனார் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, எடுத்த நேரத்தையே மறுபடி எடுத்துப் பார்த்திருக்கிறார். வந்ததை அவனுக்கு அனுப்பியிருந்தார். ‘தாங்கள் கோரிய நேரம் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. சிரமத்துக்கு மன்னிக்கவும்.’

அதன் கீழே மாமனார் எழுதியிருந்தார்: ‘மாப்பிள்ளை, உங்க சர்வர் மன்னிப்பு கேக்குது. அவ என்னிக்கு மன்னிப்பு கேட்டா?’

அவன் சாப்பாட்டை ஒரு பக்கம் நகர்த்திவைத்துவிட்டு, விரிவாகப் பதில் எழுத ஆரம்பித்தான். ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். அது ஒரு பெரிய கதை.